மல்லியின் முதுகுக்கு ஒரு சேணம்: காஞ்சிபுரத்தில் மூன்று நாள்

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தது. மதிய உணவு நேரத்தில் பத்மினி போன் செய்தாள். நான் எடுத்ததும், "கலா, இவரு மல்லிய திருப்பி அனுப்பப் போறாருடி. ஞாயித்துக்கெழம பாய் வண்டி எடுத்துக்கினு வராராம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். சிடுசிடுப்பு முழுக்க என் பக்கம், பொறுமை முழுக்க அவள் பக்கம் என்று அப்போதே பாகம் பிரித்துக்கொண்டோம். அவளே அழுதால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

மல்லி ஒரு குதிரை. செவலை நிறப் பெண் குதிரை, நெற்றியில் ஒரு மொட்டு அளவுக்கு வெள்ளை. காஞ்சிபுரத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரைகளை வாடகைக்கு விடும் பாஷா பாயிடமிருந்து போன தை மாதம் பத்மினி அவளை வாங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வெள்ளைக் குதிரைதான் கேட்கிறார்கள், செவலைக்கு வேலை குறைவு என்பதால் பாய் விற்றார். பத்மினி சென்னையில் ஆசிரியையாக இருந்த காலத்தில் என்னோடு சேர்ந்துதான் குதிரையேற்றம் கற்றாள். பிறகு மாமனாரின் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே போய்விட்டாள். வீட்டிலிருந்து தாமல் ஏரிக்கரை வரை, அங்கிருந்து அவர்கள் பம்புசெட் வரை, காலையில் நிதானமாகக் குதிரையில் போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. மூன்று மாதம் நன்றாகப் போனது. அதன்பின் சேணத்தைக் கையில் எடுத்தாலே மல்லி காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வந்தாள். ஒரு நாள் பத்மினியைக் கீழே தள்ளியும் விட்டாள். பத்மினி தோள்பட்டை பிசகி ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தாள். அவள் கணவர் ஸ்ரீபால் அதற்குமேல் பொறுக்கவில்லை. விற்கும்போதே, ஒத்துவரவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று பாய் சொல்லியிருந்தார். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கப் போவதால் அவருக்கும் ஒரு குதிரை கூடுதலாகத் தேவைப்பட்டது.

"சனிக்கெழம காலைல வரேன். அதுவரைக்கும் அவ முதுகுல எதையும் வைக்காத" என்று சொல்லி போனை வைத்தேன். மனிதர்கள் குதிரையைத் திருப்பி அனுப்பும் காரணங்களில் பாதி, சேணத்தைத் திருப்பி அனுப்பினால் சரியாகிவிடும். ஆறு வருடம் எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைக் குதிரையேற்ற மன்றத்தில் குதிரை ஓட்டியதில் நான் உருப்படியாகக் கற்றது இதுதான்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினேன். ரயிலும் உண்டு, ஆனால் மூன்று சேணங்களோடு மின்சார ரயில் ஏறினால் கூட வருபவர்கள் சும்மா விட மாட்டார்கள். முதலாவது, மன்றத்தில் இரவல் வாங்கிய தடை தாண்டும் சேணம். அருமையான தோல், விலை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். இரண்டாவது, செயற்கைப் பொருளில் செய்த பொதுச் சேணம்; எல்லாவற்றுக்கும் ஓரளவு ஆகும், எதற்கும் பிரமாதம் இல்லை. மூன்றாவது, நீண்ட தூரம் போகிறவர்கள் பயன்படுத்தும், உள்ளே சட்டகமே இல்லாத, மெத்தை போன்ற துணிச் சேணம். மன்றத்தின் தோழி ஒருத்தி, "கிழிச்சிடாத" என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தது.

ஸ்ரீபெரும்புதூர் வரை லாரிகளோடு சண்டை. ஏழு மணிக்குக் காஞ்சிபுரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் சுக்கும் மிளகும் போட்ட கோயில் இட்லி, ஒரு காபி, தொண்ணூறு ரூபாய். அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் திருப்புட்குழி. அதைத் தாண்டித் தாமலுக்குள் நுழைவதற்கு முன் ஒரு கிளைச் சாலையில் பத்மினியின் ஊர். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். ஊர்ப் பெயரைப் போடக் கூடாது என்பது அவள் உத்தரவு. போட்டால் குதிரை பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கார் வருமாம்.

வாசலிலேயே முதல் சிக்கல். பத்மினியின் குடும்பம் தமிழ்ச் சமணக் குடும்பம். தலைமுறையாக விவசாயம், கொஞ்சம் நெல் வியாபாரம். இறைச்சி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இந்த வீட்டில் தோல் பொருளும் இல்லை. இது தெரிந்துதான் செயற்கைச் சேணத்தை எடுத்து வந்தேன்; தோல் சேணம் வேறெதுவும் பொருந்தாவிட்டால் மட்டும். ஆனால் பத்மினி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, மெதுவாக என் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை வரும் என் சவாரி பூட்ஸ் அசல் தோல்.

"அது வெளிய இருக்கட்டும்டி. கோச்சிக்காத."

"இடுப்புல பெல்ட் இருக்கு, அதுவும் தோல்தான். பேன்ட் கழண்டா நீ பொறுப்பு" என்றேன்.

உள்ளேயிருந்து ஸ்ரீபால் அண்ணா ஒரு சணல் கயிற்றோடு வந்தார். சிரிக்காமல் நீட்டினார். ஆக, ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சேர்த்த சவாரி உடையில், சணல் கயிறும் கேன்வாஸ் ஷூவுமாக நான் வேலையைத் தொடங்கினேன். மன்றத்தின் தோல் சேணம் மூன்று நாளும் கார் டிக்கியிலேயே குடியிருந்தது.

மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கத்தைத் தடுத்து மல்லிக்கு இடம் செய்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. குட்டையான, அகலமான உடம்பு, உருண்டையான முதுகு, பெரிய கண். பத்மினியின் துப்பட்டாவை வாயால் இழுத்து விளையாடினாள். இவளா கடிக்கிறாள் என்று தோன்றியது. ஆனால் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் இரண்டு பக்கமும், உள்ளங்கை அளவுக்குச் செவலை முடி போய் வெள்ளை முடி முளைத்திருந்தது. காஞ்சிபுரத்துக் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, பழைய காயம்தான், ஆறிவிட்டது, ஏறலாம் என்று சொல்லியிருந்தார். ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் உள்ளே தோல் செத்து, அடுத்து வளரும் முடி வெள்ளையாகத்தான் வரும். பழைய வெள்ளையைச் சுற்றிப் புதிதாகவும் ஒரு வளையம் தெரிந்தது.

"எந்தச் சேணம் போட்ட?"

பத்மினி உள்ளே போய் எடுத்து வந்தாள். கல்யாணச் சேணம். சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் ஜரிகை, முன்னாலும் பின்னாலும் கோபுரம் போல உயர்ந்த மரம். அதைப் பார்த்த மாத்திரத்தில் மல்லி காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். நான் சேணத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் இரண்டு மரப் பட்டைகள், நடுவில் மூன்று விரல் இடைவெளி. வேறு ஏதோ ஒல்லிக் குதிரைக்குச் செய்தது. மல்லியின் அகல முதுகில் அது உட்காரவே உட்காராது. இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு நிற்கும்.

"ஏன்டி இதப் போட்ட? ஒரு மணி நேரம் மாப்பிள்ளைய உக்கார வச்சி ஊர்கோலம் போறதுக்குச் செஞ்சதுடி இது."

"இதுலதான் தோல் இல்ல" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மல்லியோடு இந்தச் சேணமும் வந்திருக்கிறது. வந்த அன்றே வெல்வெட்டைப் பிரித்து உள்ளே மரமும் தேங்காய் நாரும்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாளாம். வயிற்றுப் பட்டை மட்டும் தோலாக இருந்ததால் அதை அறுத்துப் போட்டுவிட்டுப் பருத்தி நாடா தைத்தாளாம். செத்த மாட்டின் தோலை உயிரோடு இருக்கிற ஒரு ஜீவன்மேல் வைக்கக் கூடாது என்று அத்தனை கவனம். பிறகு மல்லி நெளிய ஆரம்பித்ததும், பாவம் உறுத்துகிறது போல என்று சேணத்துக்கு அடியில் ஒரு போர்வை வைத்தாள். அப்புறம் இன்னொன்று. இறுக்கமான செருப்புக்குள் காலுறைமேல் காலுறை போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

நான் இதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பதமாகச் சொல்ல வராது. பத்மினி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நாந்தான் அவளப் புண்ணாக்கிக்கினு இருந்திருக்கேன். ஒரு எறும்பு மிதிபட்டாக் கூட..." என்றவள் முடிக்கவில்லை. ஸ்ரீபால் அண்ணா பக்கத்தில் நின்று அவள் தலையில் கை வைத்தார். "நானும் குதிரைக்குக் கோவம்னு நெனச்சிட்டேன். வலின்னு தோணல பாரு" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"சரி, பாய்க்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்கண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. "காரணம் தெரிஞ்சிடுச்சி சிஸ்டர். ஆனா அவ இனிமே சேணத்தையே நம்ப மாட்டான்னா? பத்மினிய மறுபடி தள்ளினா? நாளைக்கு அவ ஏறி, எறங்கி வரட்டும். அப்ப சொல்றேன்." நியாயமான பேச்சு. ஆக, எங்களுக்கு ஒரே ஒரு நாள் இருந்தது.

சேணம் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லாரும் முதலில் தங்கள் சவாரியைத்தான் நினைக்கிறார்கள். தடை தாண்டப் போகிறவருக்குத் தொடை முன்னால் வளைய இடம் வேண்டும், கால் வைக்கும் அங்கவடி குட்டையாக இருக்கும். அதனால் சேணத்தின் பக்க மடல் முன்னோக்கி வெட்டியிருக்கும். வட்டமிட்டு அழகு நடை பழக்குகிறவர் காலை நீட்டி ஆழமாக உட்கார வேண்டும். மடல் நேராகக் கீழே இறங்கும். நாளெல்லாம் மாடு மேய்க்கிற அமெரிக்கப் பாணிச் சேணம் முன்னால் ஒரு கொம்போடு மூட்டை கனம் கனக்கும், ஆனால் பாரத்தை முதுகு முழுக்கப் பரப்பிவிடும். நீண்ட தூரம் போகிறவருக்கு எடை குறைவாக, அடிப்பாகம் அகலமாக, தண்ணீர் பாட்டில் கட்ட நாலு வளையத்தோடு இருந்தால் போதும். பத்மினி கடைசி ரகம். எல்லாம் சரி. ஆனால் இதெல்லாம் மேலே உட்காருகிறவருக்கான கணக்கு. கீழே நிற்கிறவளின் முதுகை அளந்த பிறகுதான் இந்தப் பேச்சே.

அளப்பது பெரிய வித்தை இல்லை. வளைத்தால் அப்படியே நிற்கிற அலுமினியக் கம்பி ஒரு முழம் போதும். முன்னங்கால் தோள் எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் அமுக்கி, எடுத்து அட்டையில் வைத்துக் கோடு போட்டால் குதிரையின் உருவம் கிடைத்துவிடும். மல்லியின் கோடு கவிழ்த்த வாணலி போல அகலமாக வந்தது. கல்யாணச் சேணத்தின் அடிவளைவை அதே அட்டையில் வரைந்தோம். அது கவிழ்த்த டம்ளர். பத்மினி இரண்டு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

முதலில் சட்டகமில்லாத மெத்தைச் சேணம். எந்த முதுகுக்கும் ஒத்துப்போகும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். மல்லி முதலில் என் முழங்கையைக் கடித்தாள். பல் பதிந்தது, தோல் கிழியவில்லை. "என்னை ஏன்டி கடிக்கிற, நான் இப்பதானே வந்தேன்" என்று அவளிடமே கேட்டேன். பிறகு சேணத்தைத் தரையில் வைத்து அவளை முகரவிட்டு, பட்டை கட்டாமல் முதுகில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஒரு வழியாகக் கட்டினோம். நான்தான் முதலில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட, ஏறப் பார்த்தேன் என்பது சரி. அங்கவடியில் கால் வைத்து எழும்பியதும், உருண்டையான அந்த முதுகில் சேணம் ஒரு சுற்றுச் சுற்றி வயிற்றுப் பக்கம் போய்விட்டது. நான் சாணிக்குப் பக்கத்தில், நல்லவேளை பக்கத்தில்தான், விழுந்தேன். மல்லி ஓடவில்லை. குனிந்து என் தலையை முகர்ந்தாள். ஸ்ரீபால் அண்ணா அதைக் கவனித்ததை நான் கவனித்தேன்.

அடுத்தது செயற்கைச் சேணம். இதில் ஒரு வசதி: முன்பக்கத்து உள்வளைவாக ஒரு இரும்புத் தகடு இருக்கும், திருகைக் கழற்றி வேறு அளவுத் தகடு மாட்டலாம். ஒல்லிக் குதிரைக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று. இருந்ததிலேயே அகலமான தகட்டை மாட்டினோம். அட்டைக் கோட்டோடு வைத்துப் பார்த்தபோது கச்சிதம். "இதுல பசைகிசை எதுவும் எலும்புல காய்ச்சினது இல்லியே?" என்று ஸ்ரீபால் அண்ணா கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். செய்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். கேட்டும் விட்டேன், பதில்தான் இன்னும் வரவில்லை.

முதுகில் வைத்தபோது பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு ஆடியது. வயிற்றுப் பட்டையும் ஒரு சாண் போதவில்லை. அதற்கு மெல்லியதாக ஒரு கம்பளி விரிப்பும் நீளமான பட்டையும் வேண்டும். மதியம் காஞ்சிபுரத்துக்கே திரும்பப் போனோம். கடைத்தெருவில் முரட்டுக் கம்பளி ஒன்று அறுநூறு ரூபாய். கம்பளி மட்டும் ஆகுமா என்று பத்மினியைச் சீண்டினேன். "ஆட்டுக்கு மொட்டைதானே அடிக்கிறாங்க, உயிர எடுக்கலியே" என்றாள் முறைத்து.

பைக் சீட் தைக்கிற ஒரு கடையில் பட்டைக்கும் விரிப்புக்கும் வேலை கொடுத்தோம். முந்நூற்றைம்பது ரூபாய், இரண்டு மணி நேரம். தைப்பவர் அரை நாள் தறி, அரை நாள் தையல் என்று இருப்பவர். குதிரைக்கு என்று தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டார்.

"கம்பளி எதுக்கும்மா, குத்தும். எங்கிட்ட பட்டு வேஸ்ட்டு கெடக்குது. பட்டுத் துணி போட்டுத் தச்சித் தரேன், ராணி மாதிரி இருக்கும்."

"வேணாண்ணே. நான் பட்டு கட்றதில்ல, அவளுக்கும் வேணாம்" என்றாள் பத்மினி.

"காஞ்சிபுரத்துல பொறந்துட்டுப் பட்டு வேணாமா?"

"காஞ்சிபுரத்துல பொறந்ததாலதான்ணே. பட்டுப்பூச்சிக் கூட்டை வெந்நீர்ல போடறத சின்ன வயசுல பாத்துட்டேன்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "அதுவும் சரிதாம்மா" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை எடுத்தார். குதிரைக்காரி என்ற முறையில் நானும் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: பட்டு வழுக்கும், சேணம் ஓரிடத்தில் நிற்காது. அழகுக்காக யாரும் அந்த வேலை செய்யாதீர்கள்.

பத்மினி வீட்டில் இருட்டுவதற்கு முன் சாப்பிட்டுவிடுவார்கள். ஐந்தரை மணிக்கெல்லாம் சோறு, கொள்ளுத் துவையல், கத்தரிக்காய்க் கூட்டு. ஐந்தரைக்குச் சாப்பிட்டால் எட்டரைக்குப் பசிக்கும் என்பதை அங்கு தங்கப் போகிறவர்கள் நினைவில் வைக்கவும். நான் காரில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்தேன், தோல் சேணத்துக்குத் துணையாக.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மல்லிக்குச் சேணம் வைத்தோம். ஒரே ஒரு கம்பளி விரிப்பு. பட்டை புது அளவில். காதை மடக்கினாள், பல்லைக் காட்டினாள், ஆனால் கடிக்கவில்லை. நான் கால் மணி நேரம் நடத்திப் பார்த்துவிட்டு இறங்கினேன். பத்மினி ஏறும்போது அவள் கணவர் வேலியின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மல்லி இரண்டடி பின்னால் போனாள். நின்றாள். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுக் கழுத்தைத் தாழ்த்தினாள். குதிரை கழுத்தைத் தாழ்த்தினால் முதுகு தளர்கிறது என்று அர்த்தம். பத்மினி குனிந்து அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள், வெகு நேரம் எடுக்கவில்லை.

தாமல் ஏரியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. காய்ந்த பக்கம் குதிரைக்குக் கால் உறுத்தாத மண். பத்மினி மல்லியில், நான் ஸ்ரீபால் அண்ணாவின் ஸ்கூட்டரில் பின்னால். கரையில் ஆடு மேய்த்தவர்கள், "யக்கா, குதுர விழுந்துடப் போவுது" என்று கத்தினார்கள். பத்மினி கையை ஆட்டினாள். முதலில் நடை, பிறகு மெல்லிய ஓட்டம். போகவர ஒன்பது கிலோமீட்டர். ஒரு தடவைகூட மல்லி தலையை உதறவில்லை. நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடினேன். ஸ்ரீபால் அண்ணா தாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், இதே போல் சேணத்தோடு கிளம்ப நினைப்பவர்களுக்கான விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எனக்கு அதற்கு மனம் வராது. சேணத்தை விலை பேசுவதற்கு முன் கம்பியால் முதுகை அளங்கள். குதிரை இளைத்தாலும் பெருத்தாலும் மறுபடி அளங்கள், தகடு மாற்றும் வகை என்றால் அது சுலபம். ஏறி உட்கார்ந்த பிறகும் முதுகு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பொருந்தாத சேணத்தைப் போர்வையால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். புண் இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஏறவே ஏறாதீர்கள். ஒரு மணி நேர சவாரிக்குப் பின் சேணத்தைக் கழற்றி வியர்வையைப் பாருங்கள்: அடியில் சமமாக ஈரம் இருந்தால் நல்லது, ஈரத்துக்கு நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்துகிறது. குதிரை இல்லாமல் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு, காஞ்சிபுரத்திலிருந்து ஆற்காடு, வேலூர் போகும் பேருந்துகள் தாமல் வழியாகத்தான் போகின்றன. கார்த்திகையில் வந்தால் ஏரி நிறைந்திருக்கும், ஆனால் குதிரைக்கு அப்போது சேறு.

நாங்கள் திரும்பியபோது பாஷா பாய் வந்துவிட்டிருந்தார். வாசலில் சின்ன லாரி, பின்னால் வைக்கோல் பரப்பி, கயிறு தயாராக. ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, கண்ணுக்குச் சுர்மா மை. மல்லி அவரைக் கண்டதும் நேராகப் போய் அவர் தோளில் தாடையை வைத்தாள். குட்டியிலிருந்து வளர்த்தவர்.

"என்னாம்மா, கடிக்குதுன்னாரு சாரு. நீ மேல உக்காந்துக்கினு வர?" என்றார் சிரித்து.

பத்மினி இறங்கினாள். நான் பட்டையை அவிழ்த்துச் சேணத்தை எடுத்தேன். முதுகு முழுக்க ஒரே ஈரம், காய்ந்த திட்டு ஒன்றுகூட இல்லை. பத்மினி என் கையைப் பிடித்து அமுக்கினாள். ஸ்ரீபால் அண்ணா அருகில் வந்து ஈர முதுகில் உள்ளங்கையை வைத்தார். மல்லி திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"பாய், வீணா அலைய வச்சிட்டேன். டீசல் போட்டுத் தரேன். இவ இங்கயே இருக்கட்டும்" என்றார்.

பத்மினி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். எனக்கும் கண் நிறைந்தது. மறைக்கவில்லை.

"டீசல் கெடக்குது வுடு சார். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்றார் பாய். பிறகு அந்த வெள்ளை முடித் திட்டைத் தட்டிக்கொடுத்தார். "இது ராசியானதும்மா. இந்த வெள்ள வந்தா ஊட்டுக்கு பர்கத்து, வளம் வரும்னு எங்க அப்பா சொல்வாரு. எங்க கொட்டாய்க்கு வந்த குதுரைங்களுக்கு ரெண்டு வருஷத்துல தானா வந்துடும். வாங்க வர்றவங்களுக்கு அதைத்தான் காட்டுவேன்."

நான் வாயைத் திறந்தேன். பத்மினி முந்திக்கொண்டாள். அட்டையை எடுத்து வந்து அந்த இரண்டு கோடுகளையும் காட்டினாள். கல்யாணச் சேணத்தைக் கவிழ்த்து, மரப் பட்டை எங்கே உட்காரும், வெள்ளை எங்கே இருக்கிறது என்று அவர் விரலைப் பிடித்தே வைத்துக் காட்டினாள். "இது ராசி இல்ல பாய், புண்ணு ஆறின தழும்பு. பழசு உங்க கொட்டாய்ல வந்தது. சுத்தி இருக்கிறது நான் பண்ணது" என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. கூட உட்கார்ந்து அழுகிறவளின் குரல்.

பாய் அந்த வெள்ளையை விரலால் அழுத்திப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு ஷெர்வானி அளவு எடுக்கறான். தலப்பா அளவு எடுக்கறான். இதுங்களுக்கு யாரும்மா எடுத்தா?" என்றார். பிறகு, "கொட்டாய்ல நாலு நிக்குது. கருப்புக்கும் இன்னொரு செவலைக்கும் இந்த வெள்ள இருக்குது. மத்தது ரெண்டும் வெள்ளக் குதுரம்மா. அதுங்களுக்கு எங்க எங்க இருக்குதோ, யாருக்குத் தெரியும்" என்றார்.

அட்டையை எடுத்துத் திரும்பவும் பார்த்தார்.

"அந்தக் கம்பிய எடுத்துக்கினு நாளைக்கு வர்றியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். காஞ்சிபுரத்தில் அவர் கொட்டகையில், பத்மினி குதிரைகளைப் பிடிக்க, நான் கம்பியை வளைக்க, பாய் ஒவ்வொரு முதுகாக விரலால் தடவி வந்தார். வெள்ளைக் குதிரைகளின் முடியைத் தண்ணீரால் நனைத்துப் பிரித்துப் பார்த்தோம். இரண்டுக்கும் அதே இடத்தில் தோல் தடித்திருந்தது. புதுச் சேணங்கள் செய்துவர எப்படியும் ஒரு மாதமாவது ஆகும் என்றேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நான்கு குதிரைக்கும் முன்பணம் வாங்கியாகிவிட்டது என்று அவரே முன்னால் சொல்லியிருந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

பாய் மூலையில் அடுக்கியிருந்த வெல்வெட் சேணங்கள்மேல் ஒரு சாக்கை எடுத்துப் போட்டு மூடினார்.

"மாப்பிள்ள நடந்து போவட்டும்மா" என்றார்.